மலைநாட்டுத் தேவாங்கு

மெலிந்த உடலும் விழித்த கண்களுமாக ஒருவன் நின்றால், 'தேவாங்கு போல் விழிக்கிறான்' என்று சொல்லிவிடுவது தமிழர் வழக்கு. அவ்வாறு சொல்வோருட் பெரும்பாலோர் தேவாங்கைக் கண்ணாற் கண்டவர் அல்லர். கண்டிருப்பின், அவ்வுவமையை ஏச்சாக அன்றிப் பாராட்டாகவே எடுத்தாண்டிருப்பர். காரிருளில் இலையின்மேல் ஊரும் ஒரு பூச்சியின் அசைவையும் தவறவிடாத கண்கள் அவை. அக்கண்களையுடைய விலங்கினத்தின் ஒரு கிளை, நுவரெலியாவைச் சூழ்ந்த குளிர்மலைக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. தேயிலைத் தோட்டங்களின் எல்லைக்கு அப்பால், லயத்து மக்கள் உறங்கும் வேளையில், அது விழித்தெழுந்து இரை தேடுகின்றது.

தேவாங்கு குரங்கினத்துக்குத் தூரத்து உறவு. குரங்கும் மனிதனும் சேர்ந்த அதே பெரும் பிரிவில் அதுவும் அடங்கும். ஆயினும் வால் இல்லை. உடல், ஒரு மனிதனின் உள்ளங்கையில் அடங்கத்தக்க அளவினது. கைகால்கள் குச்சி போல் நீண்டவை. கையிற் சுட்டுவிரல் மிகக் குறுகிப் போயிருப்பதால், பெருவிரலுக்கும் ஏனைய விரல்களுக்கும் இடையே கிளை நன்றாகப் பொருந்துகின்றது. காலின் இரண்டாம் விரலில் மட்டும் உரோமத்தைக் கோதிவிடுவதற்கென ஒரு கூரிய நகம் உண்டு. கைகால்களின் குருதிக் குழாய்கள் வலை போற் பின்னியிருப்பதால், மணிக்கணக்காக ஒரே கிளையைப் பற்றிக்கொண்டிருந்தாலும் தசை களைப்பதில்லை. அசையாமற் காத்திருந்து பிடிப்பதே அதன் வேட்டை முறை. வண்டு, சிலந்தி, எறும்பு, பல்லி முதலியன உணவு. இலங்கையின் செந்தேவாங்கு ஏறக்குறைய முற்றிலும் உயிருள்ள இரையையே உண்பது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். தேயிலைக்குத் தீங்கு செய்யும் பூச்சிகளை இது அழித்துத் தோட்டத்தைக் காக்கும் என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அது மிகைக் கூற்று. தேயிலைச் செடியின்மேல் வந்து வேட்டையாடும் பழக்கம் தேவாங்குக்கு இல்லை. ஒரு விலங்கைக் காப்பதற்கு அது மனிதனுக்குக் கூலியின்றி வேலை செய்வதாகக் காட்டவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

ஏறத்தாழ ஐந்தரைத் திங்கள் கருச்சுமந்து, ஒன்றோ இரண்டோ குட்டிகளை அது ஈனும். முதற் சில வாரங்களிற் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றியபடியே திரியும். பின்னர், இரவு தொடங்கியதும் தாய் அதனை ஒரு கிளையில் அமர்த்திவிட்டு இரை தேடச் செல்லும். விடியுமுன் வந்து மீண்டும் அணைத்துக்கொள்ளும். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பது தமிழர் பழமொழி. சிங்கள மக்களோ தேவாங்கை 'உணஹபுளுவா' என அழைத்து, அந்த உணஹபுளுவாவுக்கும் தன் குட்டி மாணிக்கம் என்று சொல்வர். பழமொழி செய்தவர் காட்டை நன்கு கவனித்தவராக இருத்தல் வேண்டும்.

இலங்கையில் இருவகைத் தேவாங்குகள் உள. வறண்ட நிலத்திலும் மலைச்சரிவுகளிலும் பரந்து வாழ்வது சாம்பல் நிறத் தேவாங்கு. இது தமிழ்நாட்டிலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் உண்டு. மற்றையது இலங்கைக்கே உரிய செந்தேவாங்கு. இவ்விலங்குகளை வகைப்படுத்திய வரலாற்றில் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டென்பது பலர் அறியாத செய்தி. இலங்கையின் முலையூட்டிகளைப் பற்றி 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த பெருநூலை எழுதிய பிலிப்சு என்பார் தொழிலால் ஒரு தோட்டத்துரை. அவரும், கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த ஒசுமன் ஹில் என்பாரும் சேர்ந்து 1932 இல் மலைநாட்டுச் சாம்பல் தேவாங்கைத் தனிவகையாக விவரித்தனர். அதன்பின் 1942 இல் ஹில், ஹோட்டன் சமவெளியிற் கிடைத்த தேவாங்கை வேறொரு தனிவகையெனப் பெயரிட்டு அறிவித்தார். குட்டையான, திரண்ட கைகால்களும், பஞ்சு போல் அடர்ந்த உரோமமும் உடையது அது. தென்கிழக்காசியாவில் வாழும் மந்தத் தேவாங்கின் சாயல் அதனிடம் காணப்பட்டமையால், அச்சாயலைக் குறிக்கும் இலத்தீன் பெயரையே அவர் இட்டார். மலைநாட்டு வடிவங்களின் உறவுமுறை பற்றி அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கு அவர்களோடு இருக்கட்டும்.

அவ்வுரோமத்தின் தேவையை, மாசி மாதத்து அதிகாலையிற் சமவெளியைக் கண்டவர் உணர்வர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்விடத்திற் புல்லின் நுனியில் உறைபனி வெண்மையாகப் படியும். உள்ளங்கையளவு உடலையுடைய ஓர் உயிர், அக்குளிரில் இரவு முழுதும் விழித்திருந்து இரை தேடவேண்டும்.

இனி இவ்விலங்கின் வாழ்வையும் சாவையும் நிருணயிக்கும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். தேவாங்கு தாவாது. குரங்கும் அணிலும் ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குப் பாய்வன. தேவாங்கோ ஒரு கையால் முன்கிளையைப் பற்றி, அது தாங்கும் என உறுதி செய்துகொண்ட பின்னரே மறு கிளையை விடும். ஆகவே, மரத்தோடு மரம் கிளை பின்னி நிற்கும் இடமெல்லாம் அதற்கு வீதி. பின்னல் அறுபட்ட இடத்தில் அதன் உலகமும் அறுபட்டுப் போகின்றது. தரையில் இறங்கி நடக்க அதனால் முற்றிலும் இயலாதென்பதில்லை. இயலும், ஆனால் நாயும் பூனையும் வண்டிச் சக்கரமும் உள்ள தரையில் அது நெடுந்தூரம் சென்று மீள்வதரிது. இருபதடி அகலமான ஒரு தார்வீதி அதற்கு ஆற்றைப் போன்றது. ஒரு தேயிலை மலையோ கடல்.

அக்கடல் எவ்வாறு உண்டாயிற்று என்பது மலைநாட்டுத் தமிழ் மக்களின் சொந்த வரலாறும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடும் மேடும் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் கைகளே அக்கோடரிகளைப் பிடித்தன. காட்டை வெட்டு என்று கட்டளையிட்டவர் வேறு, வெட்டியவர் வேறு. 1867 இல் ஜேம்சு டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இற் கோப்பிச் செடியின் இலைகளில் துருநோய் தோன்றியது; சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இதனிடையே, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடலாகாது என்று தாவரவியல் அறிஞர் யோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையை ஏற்று 1873 இல் அரசாணை பிறந்தது. எனினும் அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை ஏறியதற்கு நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களே சாட்சி. ஆணை இல்லாதிருந்தால் ஹோட்டன் சமவெளிக் காடு இன்றளவும் நின்றிருக்குமோ என்பது ஐயமே.

ஹற்றனிலிருந்து தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமைக்கு ஏறிச் செல்வோர், தேயிலை முடியும் இடத்திற் காடு கத்தியால் நறுக்கினாற்போலத் தொடங்குவதைக் காண்பர். நடுவிலே, ஓடைக்கரையிலும் செங்குத்தான பாறைச் சரிவிலும், தேயிலை நட இயலாதென விடப்பட்ட சிறுசிறு காட்டுத் துண்டுகள் தீவுகளைப்போல் நிற்கும். தேவாங்கின் வருங்காலம் அத்துண்டுகளைப் பொறுத்தது.

1942 க்குப் பின்னர் ஹோட்டன் சமவெளித் தேவாங்கு ஏட்டில் மட்டும் வாழ்ந்தது எனலாம். பல பதின்மம் ஆண்டுகள் அதனை ஒருவரும் காணாமையால், அற்றுப்போயிற்று என்றே பலர் முடிவு செய்தனர். சமவெளிக்கு வருவோர் பகலில் வந்து, மரையைப் பார்த்து, உலக முடிவின் விளிம்பில் நின்று, மாலைக்குள் திரும்பிவிடுவர். இரவில் அங்கு யார் இருந்தனர், பார்ப்பதற்கு? 2002 ஆம் ஆண்டில் ஒருமுறை கணப்பொழுது தென்பட்டது. பின்னர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமன் கமகே முதலிய ஆய்வாளரும் இலண்டன் விலங்கியற் கழகத்தாரும் ஒன்றுசேர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட காட்டுப் பகுதிகளில் இரவிரவாகத் தேடினர்.

தேடும் முறையும் அறியத்தக்கது. வெண்ணொளி பட்டால் தேவாங்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிவிட்டால் அது பாசி படர்ந்த கிளையோடு கிளையாகிவிடும். ஆகையாற் சிவப்புக் கண்ணாடியிட்ட விளக்கை நெற்றியிற் கட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடக்கவேண்டும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் அவ்வொளியை எதிரொளிக்க, இருளில் இரு சிறு தணல்கள் போலக் கண்கள் மின்னும். அவ்வளவே அடையாளம். மழையிலும் மூடுபனியிலும் அதுவும் தெரியாது. இத்துணை முயற்சியின் பின், 2010 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்விலங்கின் முதல் நிழற்படங்கள் உலகுக்கு வெளியிடப்பட்டன. ஹோட்டன் சமவெளியையும் உள்ளடக்கிய மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டதும் அதே மாத இறுதியில். எஞ்சியிருப்பவை நூறளவில் இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளிற் சமவெளியைச் சூழ்ந்த வேறு காடுகளிலும் அது வாழ்வது தெரியவந்தது. நற்செய்திதான். ஆனால், ஒரு துண்டில் உள்ளது மறு துண்டில் உள்ளதைச் சென்று சேர இயலாதாயின், பத்துத் துண்டுகளிற் பத்துப் பத்தாக இருப்பதும் நூறு ஒன்றாக இருப்பதும் ஒன்றாகா. சிறு கூட்டத்துக்குள்ளேயே இனம் பெருகினால் நலிவு நேரும். ஒரு தீயோ ஒரு புயலோ ஒரு துண்டைத் துடைத்துவிடவும் கூடும்.

மலைநாட்டில் விறகுக்கும் மரத்துக்குமாக நடப்பட்ட யூக்கலிப்டசு மரங்களை நேயர்கள் அறிவர். அது அவுத்திரேலியாவின் மரம். தாய்நாட்டில் அதன் இலையைத் தின்று கோலா வாழ்கின்றது. வயிற்றுப் பையிற் குட்டியைச் சுமக்கும் மரவாழ் விலங்குகள் இன்னும் பல அம்மரங்களில் உறைகின்றன. இங்கே மரம் மட்டும் வந்தது. நெட்டையாக ஓங்கி, உச்சியிலே மட்டும் கிளைவிட்டு, கீழே புதரில்லாது நிற்கும் அத்தோப்பிற் தேவாங்குக்குப் பற்றுக்கோடும் இல்லை, போதிய இரையும் இல்லை. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடன்று.

அந்நாட்டு வரலாற்றில் இங்குள்ளோர் கருதத்தக்க ஒன்று உண்டு. விக்ரோரியா மாநிலத்து மலைக்காட்டில் வாழும் லெட்பீட்டர் பொசம் என்னும் சிறு பைவிலங்கு 1867 இல், அதாவது டெயிலர் தேயிலை நட்ட அதே ஆண்டில், விவரிக்கப்பட்டது. 1909 க்குப் பின் அதனைக் காணாது, அற்றது என்றே எழுதிவிட்டனர். 1961 இல் மீண்டும் கண்டனர். அதற்குத் தேவை முதிர்ந்த யூக்கலிப்டசு மரங்களின் பொந்து. மரத்திற் பொந்து விழ நூற்றாண்டுக்கு மேற் செல்லும். கண்டுபிடித்த பின்னரும் அக்காடுகள் வெட்டப்பட்டே வந்தன. 2009 இற் பெருந்தீ அதன் வாழிடத்தில் ஏறக்குறையப் பாதியைத் தின்றது. இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதை அம்மாநிலம் நிறுத்தியது 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். விலங்கைக் கண்டதற்கும் அதன் மரத்தைக் காத்ததற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பொசத்துக்குப் பொந்து எப்படியோ, தேவாங்குக்குக் கிளைப்பின்னல் அப்படி. இலங்கை மலைகளில் அறுபது ஆண்டுகள் காத்திருக்க இடமில்லை.

காடு குறைவதற்குக் காரணம் தேடுவோர் முதலிற் சுட்டிக்காட்டுவது தோட்டத் தொழிலாளியின் தலைமேலுள்ள விறகுக்கட்டை. அது கண்ணுக்குத் தெரிவதால் எளிதிற் குற்றஞ்சாட்டப்படுகின்றது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளிரும் இருளும் சூழுமுன் அடுப்பெரிக்க ஒரு கட்டு விறகு தேடிவரும் பெண்ணுக்கு வேறு எரிபொருளுக்கு வழி காட்டாமற் குறை கூறுவது நேர்மையன்று. காடோரத்தில் லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்கள் ஆண்டுதோறும் ஒரு முழம், இரு முழமாக உள்ளே நகர்வதும், வீதிகள் அகலமாவதும், மின்கம்பிகள் காட்டை ஊடறுப்பதும் அவ்விறகுக்கட்டினும் பெரிய காரணங்கள். கம்பியைக் கொடியென எண்ணிப் பற்றி மின் தாக்கி இறக்கும் தேவாங்குகள் உண்டு. சமவெளியில் முன்னொரு காலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட நிலங்களும் உள. 1969 இல் அது இயற்கை ஒதுக்கமாகவும், 1988 இல் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. இவை போதாவென்று, சமவெளிக் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகும் நோய்நிலை ஒன்றும் பல்லாண்டுகளாகத் தொடர்கின்றது. உச்சிக்கிளை பட்டால் பின்னலும் படும்.

மூடநம்பிக்கையும் தன் பங்கைச் செய்தது. எமர்சன் ரெனன்ற் என்பார் 1861 இல் வெளியிட்ட இலங்கை உயிரின நூலில், வசிய மருந்துக்காகத் தேவாங்கின் கண்களை எடுக்கும் கொடிய முறை ஒன்றைக் குறித்துள்ளார். அதனை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழகத்திலும் மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் அது பிடிக்கப்பட்டதுண்டு. இரவிற் கண்டாற் தீச்சகுனம் என்று அஞ்சி ஒதுங்கினோரும் உளர். கொல்வதினும் அஞ்சி ஒதுங்குதல் நன்று.

ஆயினும் செய்யத்தக்கது யாது என்பது மறைவானதன்று. தமிழகத்திலே, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சார்ந்த கடவூர்க் காடுகளில் 11,806 ஹெக்டேர் நிலம் 2022 ஆம் ஆண்டிற் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே. நுவரெலியாவின் நிலைமைக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஆனைமலையின் வால்பாறையில் உண்டு. அங்கும் தேயிலை, அங்கும் தேயிலைக்கு நடுவே சிதறிய காட்டுத் துண்டுகள், அங்கும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்று தோட்ட நிருவாகங்களோடு உடன்பட்டு, அத்துண்டுகளில் அவ்விடத்துக்கே உரிய காட்டுமரங்களின் கன்றுகளை நட்டு வருகின்றது. புதுத்தோட்டத்தில் வீதியைக் கடக்கும் சோலைமந்திகள் வண்டியில் அடிபடாதிருக்க, மரத்துக்கு மரம் மேலே பாலங்கள் கட்டப்பட்டன. மந்திகள் அவற்றில் நடக்கக் கற்றுக்கொண்டன.

இலங்கையிலும், தேவாங்கைத் தேடிக் கண்ட ஆய்வாளர்களே காட்டுத் துண்டுகளை மரநடுகையால் இணைக்கவேண்டும் என்று வற்புறுத்தினர். அதற்குத் தோட்டத்தின் நல்ல தேயிலை மலையைக் கேட்கவேண்டியதில்லை. ஓடையின் இருகரை, விளைச்சலின்றிக் கைவிடப்பட்ட செங்குத்துச் சரிவு, இவையே போதும். கீன, காட்டுக் கறுவா முதலிய மலைக்காட்டு மரங்கள் வேண்டும். விரைவில் வளரும் வெளிநாட்டு மரங்கள் ஆகா. தேயிலைக் கன்றை வளர்க்கத் தவறணை அமைத்துப் பழகிய கைகளுக்குக் காட்டுக் கன்றை வளர்ப்பது பெருவித்தையன்று. அவ்வேலைக்கு நாட்கூலி உண்டு என்று தோட்டம் சொல்லுமாயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காட்டை வெட்டியவர்களின் வழிவந்தோரே அதனை மீள நடுவர். லயத்துப் பீலியில் நீர் வற்றாது விழுவதும் அவ்வோடைக்கரைக் காட்டினால் என்பதை அவர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டுவது ஹோட்டன் சமவெளிப் பகுதி; கொழும்பிற் குழாயைத் திறப்பவரும் அக்காட்டின் கடனாளியே.

ஒரு தடை மட்டும் பணத்தால் தீராதது. இரண்டாயிரம் மீற்றர் உயரத்துக் குளிரில் மரம் மெல்லவே வளரும். இன்று நடும் இரு கன்றுகளின் கிளைகள் ஒன்றையொன்று தொடப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரைக்கும், காட்டுத் துண்டிலிருந்து காட்டுத் துண்டுக்குத் தடித்த கயிறோ மூங்கிலோ கட்டிவைக்கலாம். கொடியும் புதரும் தாமாக ஏறுவதை வெட்டாமல் விட்டால் அவை மரத்துக்கு முன்பே பின்னிக்கொள்ளும். தோட்டத்து வேலையாள் ஓடைக்கரையைத் துப்புரவு செய்யும்போது, அக்கொடிகளைக் கத்தி படாது விடும்படி கங்காணிக்கு ஒரு சொல் சொல்லப்பட்டாற் போதுமானது.